எல்லோரும் வெற்றிலை போடும் ஊரில்

வாய்ப்புற்றுக்கு, அதாவது வாயில் வரும் புற்றுநோய்க்கு, வெற்றிலை பாக்கும் புகையிலையும் காரணம் என்று எங்கள் பக்கத்தில் பேச்செடுத்தால் இரண்டு பதில்கள் தயாராக இருக்கும். "எங்க ஆயா தொண்ணூறு வயசு வரைக்கும் வெத்தலையும் போயிலையுமாத்தான் இருந்தாக. வாயில ஒரு புண்ணுகூட வந்ததில்ல" என்பது ஒன்று. "எங்க பெரியப்பச்சி பாக்கைக் கையால தொட்டதில்ல. அவுகளுக்குத்தான் வந்துச்சு. எல்லாம் தலையெழுத்து" என்பது மற்றொன்று. கல்யாண வீடோ, சாந்தி வீடோ, நான் பல் டாக்டர் என்று தெரிந்த மறுநிமிடம் யாராவது இதில் ஒன்றைச் சொல்லிவிடுவார்கள். சொல்கிறவர் கையில் பெரும்பாலும் தாம்பூலப் பை இருக்கும்.

காரைக்குடியில் பல் மருத்துவம் பார்க்கிறேன். மேற்படிப்பு படித்தது பொதுச் சுகாதாரப் பல் மருத்துவம். அதாவது ஒரு வாயைப் பார்ப்பதோடு ஓர் ஊரின் வாயையும் பார்க்கக் கற்றுக்கொடுக்கும் படிப்பு. அதனால் இந்தப் பதில்களை வெறும் அரட்டையாக விட என்னால் முடிவதில்லை. இரண்டுமே உண்மை என்றுதான் எடுத்துக்கொள்கிறேன். அந்த ஆயாவுக்கு ஒன்றும் வந்திருக்காது. அந்தப் பெரியப்பச்சிக்கு வந்திருக்கும். ஆனால் ஒரு பழக்கத்துக்கும் ஒரு நோய்க்கும் தொடர்பு உண்டா என்று பார்க்க இந்த இரண்டு பேர் போதாது.

ஒரு தாளில் குறுக்கே ஒரு கோடும் நெடுக்கே ஒரு கோடும் போட்டால் நான்கு கட்டம் வரும். வெற்றிலை, புகையிலை போட்டு நோய் வந்தவர்கள் முதல் கட்டம். போட்டும் வராதவர்கள் இரண்டாவது. போடாமலே வந்தவர்கள் மூன்றாவது. போடவுமில்லை, வரவுமில்லை என்பவர்கள் நான்காவது. ஆயா இரண்டாவதில் இருக்கிறார், பெரியப்பச்சி மூன்றாவதில். ஊரில் கதையாகச் சொல்லப்படுகிறவர்கள் எல்லோரும் இந்த இரண்டு கட்டத்து ஆட்கள்தான். முதல் கட்டத்தில் இருப்பவர்கள் மதுரைக்குப் போய்க் கதிர்வீச்சு வைத்துக்கொண்டு, துண்டால் வாயை மூடிக்கொண்டு, விசேஷங்களுக்கு வராமல் வீட்டுக்குள் இருக்கிறார்கள். நான்காவது கட்டத்து ஆட்களை யாரும் கவனிப்பதே இல்லை. "அவுக வெத்தலை போட்டதுமில்ல, அவுகளுக்கு ஒண்ணும் வந்ததுமில்ல" என்று யார் கதை சொல்வார்கள்?

ஒரு நோய் யாருக்கு, எங்கே, ஏன் வருகிறது என்று பார்க்கும் நோய்ப்பரவலியலில், இப்படி ஒரு தொடர்பைச் சோதிக்க முதல் வேலை இந்த நான்கு கட்டத்தையும் ஆட்களால் நிரப்புவதுதான். செட்டிநாட்டில் அதுதான் கஷ்டம். எங்கள் அப்பத்தா காலத்து ஆட்களை எடுத்துக்கொண்டால் நான்காவது கட்டத்துக்கு ஆள் கிடைப்பதே அரிது. வெற்றிலைச் செல்லம் இல்லாத வளவு கிடையாது. பல் இருக்கிறவர்களுக்குப் பாக்குவெட்டி, பல் போனவர்களுக்குக் கையளவு இடி உரல். முகப்பில் பித்தளைப் படிக்கம். சமையல்கட்டில் வேலை செய்த அக்காமார்கள் இடுப்பில் சுருக்குப்பை, அதற்குள் புகையிலைத் துண்டு. நடவுக்குப் போனவர்களும், ஆத்தங்குடிப் பக்கம் கல் பதித்தவர்களும், பெட்டியடியில் உட்கார்ந்த முதலாளியும் போட்டார்கள். வசதிக்கேற்பப் பாக்கின் தரம் மாறியது, பழக்கம் மாறவில்லை.

எல்லோரும் ஒன்றைச் செய்யும் ஊரில் அந்த ஒன்று கண்ணுக்குத் தெரியாது. ஜெஃப்ரி ரோஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1985-ல் எழுதிய ஒரு கட்டுரையில் இதை நெற்றியில் அடித்த மாதிரிச் சொல்கிறார். எல்லோரும் தினம் 20 சிகரெட் பிடிக்கும் ஒரு நாடு இருந்தால், அங்கே எந்த ஆய்வு செய்தாலும் நுரையீரல் புற்றுநோய் பரம்பரை நோய் என்றுதான் முடிவு வரும் என்கிறார். ஒரு வகையில் அது சரியாகவும் இருக்கும். எல்லோருக்கும் காரணம் பொதுவாக இருக்கும்போது, யாருக்கு வருகிறது யாருக்கு வரவில்லை என்பதைத் தீர்மானிப்பது உடல்வாகு மட்டும்தானே. எங்கள் ஊரில் "தலையெழுத்து" என்கிறார்கள். ஒரே செல்லத்திலிருந்து எடுத்துப் போட்ட இரண்டு ஓரகத்திகளில் ஒருவருக்கு வந்தது, ஒருவருக்கு வரவில்லை என்றால், அந்த வளவுக்குள் நின்று பார்க்கிறவர்களுக்கு வேறு என்ன தோன்றும்?

அப்படியானால் எல்லோரும் போடும் இடத்தில் சோதிக்கவே முடியாதா? முடியும். அதற்கு 1950-ல் வெளியான ஒரு லண்டன் ஆய்வைச் சொல்ல வேண்டும்.

ரிச்சர்ட் டால் என்ற மருத்துவரும் ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில் என்ற புள்ளியியலாளரும் நுரையீரல் புற்றுநோய் ஏன் பெருகுகிறது என்று பார்க்கப் புறப்பட்டபோது, இங்கிலாந்தில் ஆண்கள் பெரும்பாலும் எல்லோருமே புகைத்தார்கள். மோட்டார் வண்டிப் புகையாக இருக்கலாம், சாலைக்குப் போடும் தாராக இருக்கலாம் என்றெல்லாம் சந்தேகம். லண்டனில் 20 மருத்துவமனைகளில் நுரையீரல் புற்றுநோய் நோயாளிகளையும், அதே வயதுப் பிரிவில் அதே பாலினத்தில் வேறு நோய்க்காகப் படுத்திருந்தவர்களையும் ஒரே கேள்விப் பட்டியலோடு விசாரித்தார்கள். ஆண்களில் இந்தப் பக்கம் 649 பேர், அந்தப் பக்கம் 649 பேர். புற்றுநோய் வந்த 649 பேரில் 647 பேர் புகைப்பவர்கள். கேட்டவுடன் ஆளைத் தூக்கிப்போடும் கணக்கு. ஆனால் புற்றுநோய் இல்லாத 649 பேரிலும் 622 பேர் புகைப்பவர்கள்.

கல்லூரியில் முதல் முறை இதைப் படித்தபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தது இந்த இரண்டாவது எண்ணைப் பார்த்துத்தான். நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பேர் புகைத்துக்கொண்டு நுரையீரல் புற்று இல்லாமல் இருக்கிறார்கள்! லண்டனில் அன்று எந்தத் தெருவில் கேட்டாலும் "எங்கள் தாத்தா தொண்ணூறு வயது வரை பிடித்தார்" என்ற பதில்தான் வந்திருக்கும். அந்தக் கூட்டத்திலிருந்து உண்மையைப் பிடித்து இழுத்தவர்கள் புகைக்காத கொஞ்சம் பேர். நோயாளிகள் பக்கம் 2 பேர், மறுபக்கம் 27 பேர். ஆக மொத்தம் 29 பேர்.

சோதனை என்பது இந்த 29 பேரைப் பற்றிய ஒரு கேள்விதான். புகைப்பதற்கும் நோய்க்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பக்கமும் சம எண்ணிக்கை ஆட்கள் இருப்பதால், புகைக்காத ஒவ்வொருவரும் எந்தப் பக்கம் விழுவார் என்பது ஒரு காசைச் சுண்டிப் பார்ப்பது போல. 29 முறை சுண்டினால் பூவும் தலையும் ஏறக்குறையப் பதினாலும் பதினைந்துமாக விழும். பத்தும் பத்தொன்பதுமாக விழுந்தாலும் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். இரண்டு பூ, இருபத்தேழு தலை என்றால் காசைப் பிடுங்கித் திருப்பிப் பார்ப்போம். அப்படி விழ எவ்வளவு வாய்ப்பு என்று டாலும் ஹில்லும் கணக்குப் போட்டு அச்சிட்ட எண் 0.00000064. பத்து லட்சத்தில் ஒன்றுகூட இல்லை. பி மதிப்பு என்று சொல்வது இதைத்தான். சம்பந்தமே இல்லாவிட்டால், கண்ணால் பார்த்த இந்த அளவோ இதற்கும் மேலோ வித்தியாசம் தற்செயலாக வர எவ்வளவு வாய்ப்பு என்ற எண்.

கை-ஸ்கொயர் என்று பாடப்புத்தகத்தில் பயமுறுத்தும் சூத்திரமும் இதே வேலையைத்தான் செய்கிறது. சம்பந்தம் இல்லாவிட்டால் ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை பேர் இருக்க வேண்டும் என்று முதலில் எழுதுகிறோம். புகைக்காதவர் கட்டங்களில் 14.5, 14.5. புகைப்பவர் கட்டங்களில் 634.5, 634.5. நிஜமாக இருப்பதிலிருந்து அதைக் கழித்து, வர்க்கம் எடுத்து, எதிர்பார்த்த எண்ணால் வகுத்து, நான்கையும் கூட்டினால் 22 வருகிறது. இதில் ஏறக்குறைய முழுவதும் அந்த 14.5 கட்டங்களிலிருந்துதான் வருகிறது. புகைப்பவர்கள் கட்டங்கள் இரண்டும் சேர்ந்து அரை எண்ணுக்கு மேல் கொடுக்கவில்லை. ஆயிரத்து இருநூற்றுச் சொச்சம் புகைப்பவர்களைவிட 29 பேர் பேசியது அதிகம். காகிதத்தில் ஒரு முறை கையால் போட்டுப் பாருங்கள். மென்பொருளில் தட்டினால் இது தெரியாது.

தொடர்பு உண்டு என்பது ஒன்று, எவ்வளவு வலுவானது என்பது வேறு. அதற்குக் குறுக்கே பெருக்க வேண்டும். 647-ஐ 27-ஆல் பெருக்கி, 622-ஐ 2-ஆல் பெருக்கி, முன்னதைப் பின்னதால் வகுத்தால் 14. இதற்கு ஆட்ஸ் ரேஷியோ என்று பெயர். தொடர்பே இல்லாவிட்டால் 1 வரும். பெண்கள் கணக்கு அதே கட்டுரையில் தனியாக இருக்கிறது. இரண்டு பக்கமும் 60 பேர்தான். புகைக்காதவர்கள் நோயாளிகளில் 19, மற்றவர்களில் 32. பெருக்கி வகுத்தால் இரண்டரை. கை-ஸ்கொயர் 5.76. சம்பந்தமே இல்லாவிட்டாலும் தற்செயலாக இவ்வளவு வித்தியாசம் வர நூற்றுக்கு ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடையில் வாய்ப்பு இருக்கிறது. அதே நோய், அதே பழக்கம், ஆனால் ஆட்கள் குறைவு, அன்றைய பெண்கள் பிடித்த சிகரெட்டும் குறைவு. எங்கள் ஊரிலேயே பத்து நோயாளிகளை வைத்துக்கொண்டு "தொடர்பு தெரியவில்லை" என்று யாராவது அறிக்கை எழுதினால், பாக்கு நிரபராதி என்று அதற்கு அர்த்தம் கிடையாது. பத்துப் பேரை வைத்து எதையும் பார்க்க முடியாது என்றுதான் அர்த்தம்.

கணக்கு இவ்வளவுதான். இது சுலபம். எனக்குத் தூக்கம் கெடுவது கணக்குக்கு முந்தின வேலையில்.

வாய்ப்புற்று வந்தவர்களை யாரோடு ஒப்பிடுவது? என் கிளினிக்குக்கு வரும் மற்ற நோயாளிகளோடு ஒப்பிடலாமே என்று தோன்றும். கூடவே கூடாது. என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் பல்லில் காரை, ஈறு கரைந்தது, பாக்குக் கடித்துப் பல் உடைந்தது என்று வருகிறவர்கள். வெற்றிலை போட்டதால்தான் அவர்கள் என் நாற்காலிக்கே வந்திருக்கிறார்கள். அவர்களை ஒப்பீட்டுக் குழுவாக வைத்தால் அந்தப் பக்கமும் போடுகிறவர்களால் நிரம்பிவிடும், நிஜமான வித்தியாசம் மறைந்துபோகும். சரி, நோயாளிக்குத் துணையாக வந்திருக்கும் தங்கச்சியைக் கேட்கலாமா? அவரும் அதே வீட்டுச் செல்லத்தில் கை விட்டவர். ஒரே வீட்டு ஆட்களை ஒப்பிட்டால் பழக்கமும் ஒன்றாகவே இருக்கும். என்னைக் கேட்டால் வழுக்கி விழுந்து கை ஒடிந்து மாவுக்கட்டுப் போட வந்த, அதே வயது, அதே ஊர்ப்பக்கத்து ஆட்கள் நல்ல ஒப்பீடு. கை ஒடிவதற்கும் வெற்றிலைக்கும் சம்பந்தமில்லை. அதே மருத்துவமனைக்கு வருகிறவர்கள் என்பதால் வசதியும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும்.

அடுத்தது கேள்வி கேட்பது. "வெத்தலை போடுவீங்களா?" என்று கேட்டால் பாதிப் பேர் "எப்பவாவது" என்பார்கள். எப்பவாவது என்றால் கல்யாணத்துக்குக் கல்யாணமா, சாப்பாட்டுக்குச் சாப்பாடா? டாலும் ஹில்லும் இதற்கு முதலிலேயே ஒரு கோடு கிழித்தார்கள். ஒரு வருடமாவது தினம் ஒரு சிகரெட் பிடித்திருந்தால்தான் புகைப்பவர். நான் முகாமில் கேட்கும் கேள்வி வேறு: "ஆச்சி, ஒரு கவுளி வாங்குனா எத்தனை நாளைக்கு வரும்?" கவுளிக்கு நூறு வெற்றிலை. பத்து நாளைக்கு வரும் என்றால் தினம் பத்து. இப்படிக் கேட்டால் யாரும் குற்றவாளிக் கூண்டில் ஏறின மாதிரி உணர்வதில்லை. கடைக்கணக்குச் சொல்வது போலச் சொல்லிவிடுகிறார்கள். பிறகு "போயிலையை எந்தப் பக்கம் அதக்குவீங்க?" அதற்கும் யோசிக்காமல் விரலால் கன்னத்தைத் தொட்டுக் காட்டுவார்கள். டார்ச் அடித்துக் கன்னத்தை விலக்கிப் பார்த்தால், அதே பக்கம், கீழ்க்கடைவாய்ப் பல்லுக்கும் கன்னத்துக்கும் நடுவே உள்ள பள்ளத்தில், தோல் வெளுத்துச் சுருக்கம் விழுந்திருக்கும். சுண்ணாம்பு படிந்த மாதிரி இருக்கும், ஆனால் பஞ்சால் துடைத்தால் போகாது. மறுபக்கக் கன்னம் சிவப்பாக, வழுவழுவென்று இருக்கும். ஒரே ஆள், ஒரே இரத்தம், ஒரே தலையெழுத்து. புகையிலை இருந்த பக்கம் ஒரு மாதிரி, இல்லாத பக்கம் ஒரு மாதிரி. நான்கு கட்டக் கணக்கு புரியாதவர்களுக்குக்கூட நான் கண்ணாடியைக் கையில் கொடுத்து இதைக் காட்டுவதுண்டு.

கடைசியாக ஒரு கேள்வி கேட்பேன்: "ராத்திரி வாயில வச்சுக்கிட்டே தூங்குவீங்களா?" பல பெண்கள் சிரித்துக்கொண்டே ஆமாம் என்பார்கள். ஜப்பானியரான ஹிராயாமா இந்தியா, இலங்கை உட்பட இந்தப் பக்கத்து நாடுகளில் செய்த ஆய்வு 1966-ல் உலகச் சுகாதார நிறுவனத்தின் இதழில் வந்தது. தினம் போடும் தடவை கூடக் கூட ஆபத்து கூடியது. எல்லாவற்றுக்கும் மேலே நின்றவர்கள் வாயில் வைத்துக்கொண்டே தூங்கியவர்கள். எல்லோரும் போடும் ஊரில் சோதிக்க இது இரண்டாவது வழி. போடாதவர் கிடைக்காவிட்டால் குறைவாகப் போடுகிறவரையும் அதிகமாகப் போடுகிறவரையும் படிப்படியாக நிறுத்திப் பார்க்கலாம். பழக்கம்தான் காரணம் என்றால் நோயும் படிப்படியாக ஏற வேண்டும்.

காலக்கணக்கும் முக்கியம். "இப்ப போடுறதில்லைங்க, காரம் பட்டா எரியுது" என்று ஒருவர் சொன்னால் அவரைப் போடாதவர் என்று எழுதிவிடக்கூடாது. நாள்பட்ட பாக்குப் பழக்கத்தால் வாய்க்குள் தோல் நாராக இறுகும் நோய் ஒன்று இருக்கிறது. வாய் எரியும், பிறகு திறக்கவே வராது. மூன்று விரலை நெடுக்காக நுழைக்க முடிந்தால் சாதாரணம். ஒரு விரல்கூடப் போகாதவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் நிறுத்தியது நோய் வந்த பிறகு. எதிர்த்திசையிலும் நடக்கும். "பல்வலிக்குப் போயிலை வச்சேன், அப்படியே ஒட்டிக்கிச்சு" என்பார்கள். அங்கே வலி முதலில், பழக்கம் அப்புறம். எது முந்தி எது பிந்தி என்று பிரிக்காவிட்டால் கட்டங்களில் ஆட்கள் மாறி உட்கார்ந்துவிடுவார்கள்.

நோய் வந்தவர் பழைய பழக்கத்தைத் துருவித் துருவி நினைவுபடுத்திக்கொண்டு சொல்வார், மற்றவர் ஏனோதானோவென்று சொல்வார் என்ற சந்தேகமும் நியாயமானதே. விசாரிக்கிறவரே நோயாளியிடம் அழுத்திக் கேட்டிருப்பாரோ என்ற சந்தேகமும் அதே மாதிரிதான். லண்டன் ஆய்வில் அதற்கு அழகான ஒரு பரிசோதனை தானாகவே அமைந்தது. நுரையீரல் புற்று என்று சந்தேகப்பட்டு விசாரிக்கப்பட்ட சிலருக்குப் பிறகு அது புற்று இல்லை என்று தெரிந்தது. விசாரித்தவர்கள் அப்போது புற்று என்றுதான் நினைத்திருந்தார்கள். ஆனால் அந்த நோயாளிகள் சொன்ன புகைப்பழக்கம் புற்று இல்லாதவர்கள் சொன்னதோடுதான் ஒத்துப்போனது. விசாரணையில் சாய்வு இருந்திருந்தால் அது புற்று வந்தவர்கள் சொன்னதோடு சேர்ந்திருக்கும். எழுபது வருடங்களுக்கு மேல் ஆகியும் இந்த ஒரு பத்தியை நான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். தன் முடிவைத் தானே சந்தேகப்பட்டு, அதை எப்படி உடைக்கலாம் என்று தேடுகிற நேர்மை அதில் இருக்கிறது.

வெற்றிலை போடுகிற ஆண்கள் பீடியும் பிடிக்கிறார்கள், குடிக்கவும் செய்கிறார்கள், அப்புறம் வெற்றிலையை மட்டும் ஏன் குற்றம் சொல்கிறீர்கள் என்பது இன்னொரு நியாயமான கேள்வி. பதில் நம் சமையல்கட்டிலேயே இருக்கிறது. நம் பக்கத்துப் பெண்கள் பெரும்பாலும் பீடி பிடிப்பதில்லை, குடிப்பதில்லை. வெற்றிலையும் புகையிலையும் மட்டும்தான். ஆராய்ச்சியாளர் பாடுபட்டுப் பிரிக்க வேண்டியதை நம் ஊர் வழக்கமே பிரித்து வைத்திருக்கிறது. பெண்களைத் தனியாக எடுத்துக் கணக்குப் பார்த்தும் தொடர்பு நின்றால், பீடியின் மேல் பழி போட முடியாது.

தமிழ்நாட்டில் இந்த வேலை புதிதும் இல்லை. நெய்யூர் மருத்துவமனையில் இருந்த ஓர் (Orr) என்ற மருத்துவர், திருவிதாங்கூரில் வெற்றிலை போடுகிறவர்களின் வாய்ப்புற்றைப் பற்றி 1933-லேயே லான்செட் இதழில் எழுதிவிட்டார். அப்புறம் அடையாறு. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி முயன்று 1954-ல் அங்கே புற்றுநோய் மருத்துவமனையைக் கொண்டுவந்தார். அவர் பிறந்தது எங்களுக்குப் பக்கத்துப் புதுக்கோட்டை என்பதில் எனக்குத் தனிப் பெருமை. அவர் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் சேர்ந்து வாய்ப்புற்றின் காரணிகளைப் பற்றி 1959-ல் பிரிட்டிஷ் புற்றுநோய் இதழில் கட்டுரை வெளியிட்டார்கள். நம் ஊர் வாய்களைப் பார்த்து, நம் ஊர் மருத்துவர்கள் எழுதியது. வாய்ப்புற்றுக் கதையை வெளிநாட்டுக்காரர்கள் கிளப்பிவிட்டது என்று யாராவது சொன்னால் நான் இதைத்தான் எடுத்து நீட்டுவேன்.

புகையிலை கலந்த தாம்பூலம் புற்றுநோயை உண்டாக்கும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1985-ல் அறிவித்தது. பாக்கு மட்டும் எப்படி என்பது அப்போது தீரவில்லை. நம் நாட்டில் பாக்கும் புகையிலையும் ஒன்றாகவே வாய்க்குள் போவதால் எது செய்தது என்று பிரிப்பது கடினம். தைவானில் பாக்கு மெல்லுவார்கள், புகையிலை சேர்ப்பதில்லை. அங்கேயும் வாய்ப்புற்று மிகுதி. அங்கிருந்தும் மற்ற இடங்களிலிருந்தும் வந்த ஆய்வுகளைப் பார்த்தபின், புகையிலை இல்லாத தாம்பூலமும், பாக்கு தனியாகவும், மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற முதல் பிரிவில் 2004-ல் அந்த முகமை வெளியிட்ட தொகுதியில் சேர்ந்தன. இங்கே விடை கிடைக்காத கேள்விக்கு, வேறு மாதிரிப் போடும் ஓர் ஊர் விடை வைத்திருந்தது.

இவ்வளவுக்குப் பிறகும் "தொடர்பு இருக்கலாம், காரணம் என்று எப்படிச் சொல்வது" என்று கேட்கிறவர்கள் உண்டு. புகழ்பெற்ற புள்ளியியல் மேதை ஃபிஷரே சிகரெட் விஷயத்தில் 1950-களின் கடைசியில் அப்படித்தான் வாதாடினார். புகைக்கத் தூண்டும் உடல்வாகே புற்றையும் கொண்டுவரலாமே என்றார். அதற்கு என்னைப் பொறுத்தவரை வலுவான பதில், பழக்கத்தை எடுத்துவிட்டுப் பார்ப்பது. 36,000 புகையிலைப் பயனாளிகளை வைத்து எர்ணாகுளம் உட்பட மூன்று மாவட்டங்களில் நடந்த ஆய்வு 1986-ல் லான்செட்டில் வந்தது. வீடு வீடாகப் போய் விடச்சொல்லி எடுத்துச் சொன்னார்கள். விட்டவர்களின் எண்ணிக்கை கூடியது. எர்ணாகுளத்தில் அந்த வெள்ளைப் படலம் புதிதாக வருவது குறைந்தது. உடல்வாகுதான் காரணம் என்றால் புகையிலையை விட்டதும் அது ஏன் குறைய வேண்டும்?

திருவனந்தபுரம் பக்கம் 1996-ல் தொடங்கிய இன்னொரு பெரிய ஆய்வில், பயிற்சி பெற்ற பணியாளர்கள் வீடு வீடாகப் போய் வாயைத் திறக்கச் சொல்லி வெளிச்சத்தில் பார்த்தார்கள். அவ்வளவுதான், வேறு கருவி இல்லை. புகையிலை அல்லது மதுப் பழக்கம் இருந்தவர்களில் வாய்ப்புற்றால் சாவது 34 சதவீதம் குறைந்தது என்று 2005-ல் முடிவு வந்தது. குன்றக்குடிப் பக்கம் முகாமுக்குப் போகும்போது நான் டார்ச்சும் கண்ணாடியும் ஒரு பை பஞ்சும் மட்டும் எடுத்துக்கொண்டு போவதற்கு இதுவே காரணம். வீட்டில் போடுகிற பெரியவர்கள் இருந்தால் நீங்களே பார்க்கலாம். துடைத்தும் போகாத வெள்ளை, சிவப்புத் திட்டு, இரண்டு வாரம் தாண்டியும் ஆறாத புண் எது இருந்தாலும் ஒரு பல் மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். வலி இல்லை என்று தள்ளிப்போடாதீர்கள். ஆரம்பத்தில் வலிக்காது.

சமீபத்தில் முகாமில் ஓர் ஆச்சிக்கு இடது கன்னத்தில் அந்த வெள்ளையைக் காட்டினேன். கண்ணாடியை இப்படியும் அப்படியும் திருப்பி நெடுநேரம் பார்த்தார். நான் ஐம்பது பேருக்குச் சொல்கிற அதே வார்த்தைகளைத்தான் அவருக்கும் சொன்னேன், அவர் மற்றவர்களைப் போலத் தலையாட்டிவிட்டுப் போகவில்லை. பேரம் பேசத் தொடங்கினார்.

"போயிலையை விட்டுர்றேன் டாக்டர். பாக்கும் வெத்தலையும் மட்டும் போட்டுக்கிறவா?"

"பாக்கும் ஆகாது ஆச்சி. போயிலை இல்லாமயும் அது செய்யும்."

"பாக்கு இல்லாம என்ன வெத்தலை?"

"வெத்தலை மேல யாரும் குத்தம் சொல்லல. அதை மட்டும் மென்னா எனக்கு ஆட்சேபணை இல்ல."

"சுண்ணாம்பு?"

"வாயைப் பொத்துப்போக வைக்கும். அதுவும் வேண்டாம்."

கூட வந்த மருமகள் சிரித்துவிட்டார். ஆச்சி சிரிக்கவில்லை. சுருக்குப்பையை அவிழ்த்து, புகையிலையை எடுத்து மருமகள் கையில் கொடுத்தார். பாக்கை எடுத்துக் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டுத் திரும்பப் பைக்குள்ளேயே போட்டுக்கொண்டார். அடுத்த முறை அளந்து பார்க்க, அந்தப் படலத்தின் நீள அகலத்தை அட்டையில் எழுதி வைத்திருக்கிறேன். பாக்கைப் பற்றி அப்போது மறுபடி பேச வேண்டும்.